பெயரை விட்டு வந்தவர்

ஹெண்ட்ரே பண்ணை,
ட்ரெகாரன் அருகே, வேல்ஸ்.
6 மார்ச் 1994

லோமான் பண்ணைக் குடும்பத்தாருக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. எனக்கும் உங்களில் ஒருவரைக்கூடத் தெரியாது. இதைப் பிரித்துப் படிக்க அந்த முகவரியில் இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்பதுகூடத் தெரியாமல்தான் எழுதுகிறேன். என் ஜெர்மன் மாலை வகுப்பில் கற்றது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மென்னா க்விலிம். வயது நாற்பத்து நான்கு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த மலைப் பண்ணையில் இருநூறு ஆடுகள், ஆறு மாடுகள், சொல்பேச்சுக் கேட்காத ஒரு நாய், இவற்றோடு, அம்மா இறந்த பிறகு, அப்பாவும் நானும் இருந்தோம். பிப்ரவரி பதினோராம் தேதி காலையில் அப்பா ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்து பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்தார். ஒன்றைக் கழற்றினார். மற்றதை நான்தான் கழற்ற வேண்டியிருந்தது.

ஊருக்கு அவர் ஹியூ க்விலிம். பிறந்தபோது ஹூபர்ட் லோமான். இது எனக்கே போன வாரம்தான் தெரியும். அவருடைய வேதப் புத்தகத்தில் பிறப்புச் சான்று ஒன்றும், கடித உறையின் பின்பக்கத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டும் இருந்தன. அந்தத் துண்டில் இருந்ததுதான் இந்த முகவரி. தேதி முத்திரையில் பாதி விழுந்திருக்கிறது: அக்டோபர் 1958. கடிதம் எங்கே என்று வீடு முழுக்கத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

அவர் ஜெர்மானியர், போர்க்கைதியாக வந்தவர் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். 1946இல் முகாம் லாரியிலிருந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஆங்கிலம் வருவதற்கு முன்னே வேல்ஷ் கற்றுக்கொண்டார். 1949இல் என் அம்மா கேட்ரினைக் கட்டிக்கொண்டார். அதையெல்லாம் ஊர் மன்னித்துவிட்டது. மன்னிக்காதது ஒன்றுதான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வக்கீலிடம் போய்த் தன் குடும்பப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, என் அம்மா வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார். எங்கள் நாட்டில் எந்த ஆம்பிளையும் அப்படிச் செய்வதில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பண்ணை ஐவோர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நல்ல மனுசன்தான், இல்லேங்கல. ஆனா பேரை மாத்துனவன் எதுக்கு மாத்துனான்னு இங்க யாருக்காவது தெரியுமா? சும்மா எவனாவது பேரை மாத்துவானா?” ஐவோரின் அண்ணன் அந்தப் போரில் போய்த் திரும்பாதவர். அதனால் எல்லாரும் அவரவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டார்கள். நான் ஹாம் ரொட்டித் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

பெயரை மாற்றிக்கொண்டு எங்கெங்கோ ஒளிந்து வாழ்ந்த ஆட்களைப் பற்றித் தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, அந்த நிகழ்ச்சிகளை நான் பார்ப்பதில்லை. அப்பா இருந்தவரை ஏன் பார்ப்பதில்லை என்று என்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. சின்ன வயதில் ஒரு முறை கேட்டேன், “உங்க பழைய பேரு என்னப்பா?” என்று. அவர் சொன்னது இவ்வளவுதான்: “அது அங்க இருக்கு. அங்கேயே இருக்கட்டும்.”

கல்தச்சர் எழுத்து வெட்டக் காத்திருக்கிறார். என்ன பெயரை வெட்டச் சொல்வது? அதைவிட, அந்தக் கல்லின் முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பது? என் அப்பா எதை மறைத்தார்? உங்களுக்குத் தெரிந்தால் எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் தெரிய வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
மென்னா க்விலிம்


லோமான் பண்ணை,
கோஸ்ஃபெல்ட் அருகே.
19 மார்ச் 1994

செல்வி க்விலிம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்தவன் நான், ஹூபர்டின் தம்பி. அவனுக்கும் எனக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். உங்கள் ஜெர்மனில் தப்பில்லை. சுங்க அதிகாரி பேசுவது போல இருக்கிறது, அவ்வளவுதான்.

என் அண்ணன் இறந்ததற்கு வருந்துகிறேன். எழுத வேண்டிய வாக்கியம், எழுதிவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். பட்டாளத்தில் அவன் குதிரை ஓட்டினான். ரொட்டி வண்டி. இங்கே குதிரையோடு வளர்ந்த பையன்களை எல்லாம் அந்த வேலைக்குத்தான் போட்டார்கள். இருபத்தொரு வயதில் பிடிபட்டான். போரில் யார் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்த்தும் பேசாமல் இருந்தார்கள் என்று நான் யாருக்காகவும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பெயர் மாற்றியதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக எழுதியிருக்கிறீர்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. பெண்ணைக் கட்டி ஒரு பண்ணைக்குள் வருகிறவன் அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வான். வேறென்ன செய்வான்? எங்கள் அப்பா பிறந்தபோது லோமான் இல்லை, ப்ரூனிங். லோமான் வீட்டுப் பெண் என் அம்மா. அப்பா வாசற்படி தாண்டி உள்ளே வந்தார், லோமான் ஆனார். இப்போதெல்லாம் சட்டத்துக்காக மனுப் போட வேண்டியிருக்கிறது. அவர் போட்டார். என் மருமகன் வங்கியில் வேலை பார்த்தவன், அவனும் பெயரை வாங்கிக்கொண்டான். மாட்டுக்குத்தான் இன்னும் பயப்படுகிறான். தேவாலயப் பதிவேட்டில் 1641இலிருந்து இந்தப் பண்ணையை ஆண்ட பதினொரு லோமான்கள் இருக்கிறார்கள். அதில் ஏழு பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். லோமான் என்பது ரத்தத்தின் பெயர் இல்லை, இந்த அடுப்பின் பெயர். அடுப்பை விட்டுப் போகிறவன் பெயரையும் அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் ஹூபர்ட் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறான்.

மற்றதில் இல்லை. பண்ணையின் வாரிசு அவன். எங்கள் பக்கம் பண்ணை மூத்தவனுக்குத்தான். நான் தேவாலய ஆர்கன் செய்யும் பட்டறையில் சேர்வதாக இருந்தது. மரக்குழலில் காற்று நுழையும் சத்தத்தைக் கேட்டால் எனக்கு வேறெதுவும் வேண்டாம், அப்படி இருந்தேன். பன்னிரண்டு வயதில் ‘அண்ணன் வரும்வரை’ என்று சொல்லி என்னை மாட்டுத் தொழுவத்தில் விட்டார்கள். வரும்வரை, வரும்வரை என்று இதோ எனக்கு ஐம்பத்தெட்டு.

நீங்கள் கண்டெடுத்த அந்த உறை என் கையெழுத்து. 1958 அக்டோபரில் அப்பா இறந்ததும் நான்தான் எழுதினேன். பதில் வரவில்லை. அம்மா 1971 வரை தபால்காரனை எதிர்பார்த்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். கடிதம் வழியில் எங்காவது தொலைந்திருக்கும் என்று முப்பத்தாறு வருடமாக என் மனதுக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தால் அந்தச் சாக்கும் போயிற்று. அவனுக்குக் கிடைத்திருக்கிறது. உறையை வெட்டிப் பத்திரமாக வைக்கத் தெரிந்திருக்கிறது, ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை.

கிளெமன்ஸ் லோமான்


ஹெண்ட்ரே,
10 ஏப்ரல் 1994

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எங்கள் வீட்டில் சொல்பேச்சுக் கேட்காதது நாய் மட்டும் இல்லை. சித்தப்பா என்று கூப்பிடவும் அனுமதி கேட்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்றால் அடுத்த கடிதத்தில் திட்டுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்துக்கொண்டு வந்தேன். “வேறென்ன செய்வான்?” என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாடி! நாற்பத்தைந்து வருடமாக ஒரு ஊரே முணுமுணுத்த விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் இரண்டு வரியில் எழுதிவிட்டீர்களே! அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் அம்மாவைப் பெற்றவர் டோமோஸ் க்விலிம். ஆண் பிள்ளை இல்லாதவர். கல்யாணம் பேசி முடித்த அன்று, அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்று, “நான் உங்க வீட்டுக்குள்ள வர்றேன். உங்க பேரைக் குடுங்க” என்றாராம். தாத்தா கொடுத்துவிட்டாராம். பிற்காலத்தில் என்னிடம் சொல்வார்: “குடுக்க மாட்டேன்னு எப்படிடி சொல்ல முடியும்? என்னோட முடிஞ்சு போச்சுன்னு நெனச்ச பேரு அது. சந்தோசமாத்தான் குடுத்தேன். ஆனா இவன் எதுக்குக் கேட்டான், எதுக்குக் கேட்டான்னு அன்னைலேர்ந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.” யோசித்தபடியே போய்விட்டார். ஏன் என்று நேரில் கேட்க அவருக்குக் கூச்சம். கேட்டிருந்தால் அப்பாவும் உங்களைப் போல “வேறென்ன செய்வார்கள்?” என்று விழித்திருப்பார். பெண்ணைக் கட்டுகிறவன் எல்லா ஊரிலும் இப்படித்தான் செய்வான் என்று அவர் நினைத்தார். எவனும் இப்படிச் செய்ய மாட்டான் என்று நாங்கள் நினைத்தோம். ஒரே மேசையில் சாப்பிட்டோம், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

“அது அங்க இருக்கு.” நான் அதை ஒரு மூடிய கதவாகவே எடுத்துக்கொண்டிருந்தேன் சித்தப்பா. அவர் உண்மையை உள்ளது உள்ளபடி சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று கேளுங்கள். உங்கள் கடிதம் வந்த பிறகு என் பெயரின் மேல் எனக்கே ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. ஆபரிஸ்ட்வித் நூலகத்தில் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழி பெத்தனைப் பிடித்து, இந்தக் க்விலிம் எங்கேயிருந்து வந்தது பார் என்றேன். மூன்று நாள் கழித்துத் தொலைபேசியில் கத்துகிறாள்: “ஏய் மென்னா! உங்க பேரு நம்ம பேரே இல்லடி! கடல் தாண்டி வந்ததுடி!”

வில்ஹெல்ம் என்பதுதானாம் அது. மன உறுதி ஒரு பாதி, தலைக்கவசம் மறு பாதி. உங்கள் பாஷையின் பழைய பாட்டன்மார்கள் கோர்த்துவைத்த பெயர். பிரான்சிலிருந்து படையெடுத்து வந்த நார்மானியர்கள் வாளோடு அதையும் தூக்கிக்கொண்டு தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த மலைகளுக்குள் வந்தார்கள். இங்கே இருந்தவர்கள் அந்த வாளைப் பிடுங்க முடியாவிட்டாலும் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள். எங்கள் மழையில் நனையவிட்டு, எங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி உருட்டி, க்விலிம் ஆக்கித் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அப்படியானால் என் அப்பா தாத்தாவிடம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டு வாங்கியது எது? அவருடைய மூதாதையர் எப்போதோ வெளியே அனுப்பிய ஒன்றையே! அது மட்டுமா, ஹியூ என்பதும் அப்படித்தான் வந்ததாம். அறிவு, மனம் என்று பொருளாம். ஹூபர்டின் முன்பாதியும் அதேதான் என்கிறாள் பெத்தன். தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே போய், இந்த வீட்டை முதல் தடவை பார்க்கிறவள் போல முற்றத்திலேயே நின்றேன்.

பதினொரு லோமான்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வேதப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். மடோக்கின் மகன் இயவான். இயவானின் மகன் க்விலிம். க்விலிமின் மகன் ரீஸ். எங்களில் அப்போது ஒருவனுக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பன் பெயர்தான் பின்னால் வரும். அப்பன் மாறினால் அதுவும் மாறும். ரீஸின் காலத்தில் யாரோ ஒரு குமாஸ்தா பட்டியலோடு வந்து ‘ரீஸ் க்விலிம்’ என்று எழுதிக்கொண்டு போனான். அன்றோடு ஓட்டம் நின்றது. கால் வைத்த இடத்திலேயே ஆறு உறைந்துபோனது மாதிரி, அன்றைக்கு ரீஸுக்கு அப்பனாக இருந்த ஒருவனின் பெயர் எங்கள் எல்லார் மேலும் நின்றுவிட்டது.

உங்களுக்கு ரத்தம் ஏழு தடவை மாறியும் பெயர் மாறவில்லை. எங்களுக்கு ரத்தம் ஒன்றாகவே ஓடியும் பெயர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்த உலகத்திலிருந்து கிளம்பி இந்த உலகத்துக்கு வந்து, தன்னோடு ஒரு சாமானும் எடுத்து வராமல் வாசலில் நின்ற மனிதரை நினைத்துப் பார்க்கிறேன். என் அப்பாவா அது? தேநீரில் நாலு கரண்டிச் சர்க்கரை போட்டுக்கொண்டு வானிலை அறிக்கையோடு சண்டை போடுவாரே, அவரா!

உங்களைச் சிரிக்க வைக்க ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளெமன்ஸ் என்ற பெயரை நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் கேட்டிருக்கிறேன், பதினான்கு தடவை. எனக்கு எட்டு வயது. அறுவடைக்கு நன்றி சொல்லும் திங்கட்கிழமை, அக்டோபரில் மூன்றாவதாக வருவது. தேவாலயத்துக்குக் கிளம்பி அப்பா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு நின்றார். அம்மா, “நேரமாச்சு, வாங்க” என்கிறாள். இவர் நேரே மாட்டுத் தொழுவத்துக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். முதல் மாட்டின் இரு கொம்புக்கும் நடுவில் கையை வைத்து அவருடைய ஊர்ப் பேச்சில் மெதுவாக ஏதோ சொன்னார். கடைசியில் ‘கிளெமன்ஸ்’ என்றார். அடுத்த மாட்டிடம் போனார். மறுபடி அதே பேச்சு, அதே கிளெமன்ஸ். பதினான்கு மாடுகள். ஒன்றையும் விடவில்லை. வெளியே வந்தபோது முகம் முழுக்க ஈரம். புதிதாக ஒரு காளை வாங்கப்போகிறார், அதன் பெயர் கிளெமன்ஸ், மாடுகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். “காளை எப்பப்பா வரும்?” என்று ஒரு மாதம் நச்சரித்தேன். இப்போதுதான் தெரிகிறது, அந்தக் காளை நீங்கள்.

கோபம் தணியாவிட்டாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

அன்புடன், உங்கள் அண்ணன் மகள்,
மென்னா


லோமான் பண்ணை,
21 ஏப்ரல் 1994

அன்பு மென்னா,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. ஐந்து நாளும் எழுத உட்கார்ந்து எழுந்து போனேன். இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஒரு வரி எழுதத் தெரியவில்லை’ என்று உன் அப்பாவைப் பற்றி எழுதினேன். நான் 1958இல் அவனுக்கு என்ன எழுதினேன் என்பதை உனக்குச் சொல்லவில்லை. எழுதியது இதுதான்: ‘அப்பா ஒன்பதாம் தேதி போய்விட்டார். வருவதானால் வா. வராவிட்டால் எழுதாதே.’ எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கோபத்துக்குக் குறைச்சலில்லை. எழுதாதே என்று நானே எழுதிவிட்டு, எழுதவில்லையே என்று முப்பத்தாறு வருடம் அவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உன்னையும் எழுத வேண்டாம் என்றேன். அவன் சொல்பேச்சைக் கேட்டான். நீ கேட்கவில்லை. நல்லவேளை.

இனி அந்தப் பதினான்கு மாடுகள். நீ சிரிப்புக்காக எழுதினாய் அம்மா. நான் அதைத் தொழுவத்தில் நின்றபடி மூன்று தடவை படித்தேன்.

எங்கள் பக்கம் வீட்டு எசமான் இறந்தால் மாடுகளுக்குச் சொல்ல வேண்டும். தொப்பி போட்டுக்கொண்டு, கொம்புகளுக்கு நடுவில் கை வைத்து, ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாடு நோயில் படுத்துவிடும் என்பார்கள். சொல்வது இரண்டு பாதி. முதல் பாதி, ‘உங்க எசமான் போயிட்டாரு.’ இரண்டாம் பாதி, ‘இனிமே உங்களுக்கு எசமான் இவன்’ என்று புதியவனின் பெயர். முதல் பாதியை வீட்டில் யாரும் சொல்லலாம். இரண்டாம் பாதி மூத்த மகன் வாயிலிருந்து வர வேண்டும். அவனே எசமான் ஆனால் தன் பெயரைச் சொல்வான். விட்டுக்கொடுத்தால் யாருக்கு விடுகிறானோ அவன் பெயரைச் சொல்வான். நோட்டரி எழுதும் பத்திரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் அப்பா போனபோது நான் தொழுவத்துக்குப் போனேன். முதல் பாதியைச் சொன்னேன். இரண்டாம் பாதிக்கு வந்ததும் நாக்கு எழவில்லை. மூத்தவன் உயிரோடு இருக்கிறான். என் பெயரை நானே எப்படிச் சொல்வேன்? அம்மா வாசலில் நின்று, “சொல்லுடா, மாடு காத்துக்கிட்டிருக்கு” என்றாள். “அது அவன் சொல்ல வேண்டியது” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்தத் தொழுவத்தில் எத்தனையோ மாடுகள் பிறந்து வளர்ந்து போயிருக்கின்றன. நான் பால் கறந்தேன், பிரசவம் பார்த்தேன், புதுக் கூரை போட்டேன். ஒரு நாள்கூட எசமான் என்று என்னை நினைத்துக்கொண்டதில்லை. யாரோ திரும்பி வரும்வரை இடத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஆள் போலத்தான் இருந்தேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவன் சொல்லியிருக்கிறான், மென்னா! அப்பா போய்ப் பதினோராம் நாள், கடிதம் கைக்கு வந்த கையோடு, அங்கே தன் கைக்குக் கிடைத்த மாடுகளிடம், ஒன்று விடாமல், முறைப்படி தொப்பியோடு. லோமான் பண்ணைக்கு இனி எசமான் கிளெமன்ஸ் என்று பதினான்கு முறை சொல்லியிருக்கிறான். எழுதாதே என்றுதானே எழுதினேன், சொல்லாதே என்று எழுதவில்லை. நான் விட்ட பாதியைக் கடலுக்கு அந்தப் பக்கம் நின்று முடித்துவைத்திருக்கிறான். எட்டு வயதில் அதைக் கேட்க நீ அங்கே நின்றிருக்கிறாய். கேட்டதை இத்தனை வருடம் கெடாமல் வைத்திருந்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாய். நான் எப்படி நன்றி சொல்வது? எனக்குத் தெரியவில்லை.

நேற்று மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். நாற்பத்தொரு மாடுகள். ஒவ்வொன்றிடமும், “ஹூபர்ட் போயிட்டான், இந்த வீட்டு மூத்தவன்” என்று சொன்னேன். பிறகு, “உங்களுக்கு எசமான் கிளெமன்ஸ்” என்றேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை. மருமகன் பாவம், பயந்துகொண்டே பின்னால் வந்தவன், பத்தாவது மாட்டுக்குப் பிறகு தானும் தொப்பியைச் சரி செய்துகொண்டான்.

கல்லில் என்ன வெட்டுவது என்று கேட்டிருந்தாய். லோமான் என்று வெட்டாதே. நான் கோபத்தில் சொல்லவில்லை. அது இங்கே இருக்கிறது. இங்கேயே இருக்கட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொல்லு.

ஒரு கேள்வி. உங்கள் மாடுகளுக்குச் சொன்னாயா? இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறதே! இனியும் தள்ளிப்போடாதே. இரண்டாம் பாதியில் உன் பெயரைச் சொல்லு. நீ மூத்தவள், உனக்கு நாக்கு எழும். ஆடுகளுக்கும் சொல்ல வேண்டுமா என்று என்னைக் கேட்காதே, எங்களிடம் ஆடு கிடையாது. சொல்லிவிடு, நஷ்டமில்லை.

உன் சித்தப்பா,
கிளெமன்ஸ்


ஹெண்ட்ரே,
15 மே 1994

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கல் நட்டாயிற்று. எங்கள் மலையின் கறுப்புப் பலகைக்கல். ‘ஹியூ க்விலிம், ஹெண்ட்ரே’ என்று மட்டும் வெட்டச் சொன்னேன். கல்தச்சர், “பொறந்த ஊரு, பழைய பேரு ஏதாச்சும் போடணுமா?” என்றார். “அது அங்க பத்திரமா இருக்கு” என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு உளியை எடுத்தார்.

உங்கள் இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஐவோர் வீட்டுக்குப் போனேன். அவர் கொட்டகையில் ஆட்டின் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லாமல் அங்கேயே நின்று, வேல்ஷில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். ரொட்டி வண்டி வந்த இடத்தில் தலையை ஆட்டினார். ஏழு பேர் வெளியிலிருந்து வந்தார்கள் என்ற இடத்தில், “ஏழு பேரா!” என்று ஆட்டை விட்டுவிட்டார், அது எழுந்து ஓடிப்போயிற்று. பதினான்கு மாடுகள் வரை வந்ததும் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, “நாப்பத்தஞ்சு வருசம் அந்த மனுசன் கூட வேலியோரம் பேசியிருக்கேன்டி. ஒரு நாளு கேட்டிருக்கலாம்ல? கேட்டா சொல்லியிருப்பான்ல?” என்றார். சொல்லியிருப்பார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் கல்லின் பக்கத்தில் போய் நின்று, யாரையும் பார்க்காமல், “அடக்கத்தன்னிக்கு நான் பேசுனது தப்பு” என்று உரக்கச் சொன்னார். ஐவோர் வாயிலிருந்து அந்த வார்த்தையை இந்த ஊர் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான், ஆனால் சளி என்று சொல்லிக்கொண்டார்.

அன்று மத்தியானமே அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். காது வரை இறங்கியது. தொழுவத்தில் எங்கள் மூத்த மாடு செரென் முதலில் நின்றாள். கொம்புகளுக்கு நடுவில் கை வைத்தால் அங்கே அவ்வளவு சூடு இருக்கும் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. “ஹியூ போயிட்டாரு” என்றேன். அவள் மெல்லுவதை நிறுத்தினாள். சத்தியமாக நிறுத்தினாள் சித்தப்பா! “இனிமே மென்னா” என்றேன். நாக்கு எழுந்தது. ஆறு பேருக்கும் சொன்னேன். பிறகு மேய்ச்சலுக்கு ஏறி, காற்றில் நின்று, இருநூறு ஆடுகளுக்கும் மொத்தமாக ஒரு தடவை கத்திச் சொன்னேன். நாய் மட்டும் கேட்கவில்லை.

எல்லாம் வேல்ஷில்தான் சொன்னேன், எங்கள் மாடுகளுக்கு வேறு பாஷை தெரியாது. ஆனால் ஒவ்வொன்றையும் விட்டு நகர்வதற்கு முன்னால், அங்கே அந்த வீட்டில் கிளெமன்ஸ் இருக்கிறார் என்றும் சொன்னேன். அப்பா இருந்தால் சொல்லியிருப்பார். தொழுவத்தைப் பார்க்க நீங்கள் எப்போது வருகிறீர்கள்? வாசலில் நின்று பெயரைச் சொன்னால் போதும், மாடுகளுக்கு உங்களைத் தெரியும்.

உங்கள் மகள்,
மென்னா